தன்சுக்பாயின் படத்தில் ஒரு மாலை

அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் பப்பாவின் படம் தெரிந்தது. படத்துக்குச் செண்டுமல்லி மாலை போட்டிருந்தது.

மம்மியின் கையில் கடலைமாவில் ஆவியில் வேகவைத்த டோக்ளா நிறைந்த எவர்சில்வர் டப்பா இருந்தது. அது கீழே விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. சத்தம் கேட்டு யாராவது ஓடி வந்திருப்பார்கள். மம்மி டப்பாவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பப்பா சாகவில்லை. சற்று முன்புதான் அவரை எங்கள் மோட்டலில், வாஃபிள் இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்த நிலையில் விட்டுவிட்டு வந்திருந்தோம். "மாவு ஒழுங்காத்தான் ஊத்துறேன், நீதான் ஒட்டிக்கிற" என்று அதனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இது தெரியும். தெரிந்தும், மாலையைப் பார்த்த கணத்தில் என் கை பைக்குள் தொலைபேசியைத் தேடியது.

"பினல்," என்றாள் மம்மி. "உன் பப்பாவுக்குப் போன் போடு."

போட்டேன்.

"பிரெய்ரி ஸ்டார் மோட்டல், டான் பேசுறேன்."

தன்சுக் என்ற பெயர் இந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையாது. அதனால் எல்லோருக்கும் அவர் டான்.

"பப்பா, நான்தான்."

"என்ன, சட்னிய மறந்துட்டீங்களா? இங்கதான் கவுண்டர் மேல இருக்கு."

மம்மி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "ஏங்க, நல்லாத்தானே இருக்கீங்க?"

"எனக்கென்ன? ஏழாம் நம்பர் ரூம்காரன் குளிக்க இன்னும் ரெண்டு துண்டு வேணுங்கிறான். இப்போதைக்கு அதுதான் கஷ்டம்."

மம்மி போனை என்னிடம் நீட்டினாள். அவள் கண் படத்தை விட்டு நகரவில்லை.

அன்று எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இந்தியா நாள். ஓக்லஹோமாவின் மேற்குப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது. பழைய ரயில் நிலையம்தான் அருங்காட்சியகம். உள்ளே குதிரைச் சேணங்கள், ஒரு சுவர் முழுக்க விதவிதமான முள்கம்பிகள், சூறாவளி தூக்கிப் போட்ட தேவாலய மணி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இலவசமாக ஏதாவது கைவேலை சொல்லித் தருவார்கள். வெண்ணெய் கடைவது ஒரு மாதம், செயென் பழங்குடி மக்களின் பாசிமணி கோர்ப்பது ஒரு மாதம். பொறுப்பாளர் மார்லீன். ஊரில் எல்லோருடைய பிறந்த நாளும் தெரிந்த அம்மாள்.

அவருக்கு வார இறுதிகளில் உதவியாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மானிடவியல் படித்தேன். வேலை கிடைக்காமல் திரும்பி வந்ததும் நட்டு மாமா கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது: "மனுசங்களப் பத்தி நாலு வருசமா படிச்சே? கவுண்டர்ல நாலு நாள் உக்காந்திருந்தா நாங்களே காட்டியிருப்போமே!"

நட்டு மாமா மம்மியின் தம்பி. நெடுஞ்சாலையிலிருந்து அடுத்துப் பிரியும் சாலையில் அவருக்கும் ஒரு மோட்டல். ஊரில் குஜராத்திக் குடும்பம் என்றால் நாங்களும் அவர்களும்தான்.

நானும் மார்லீனும் போட்ட திட்டம் எளியது. வண்ண உப்பில் ரங்கோலி. உருளைக்கிழங்கில் பூச் செதுக்கி, எங்கள் மோட்டலில் கழித்துப்போட்ட தலையணை உறைகளில் அச்சு. அதற்கு மேசை போதாததால் எங்கள் அறைகளின் இஸ்திரிப் பலகைகள். வாசலில் தோரணம் கட்டக் காகிதச் செண்டுமல்லி. கூடவே, நெடுஞ்சாலையில் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நால்வரின் படங்கள்: பப்பா, மம்மி, நட்டு மாமா, மாமி. பப்பாவையும் மம்மியையும் தனித்தனியாகத்தான் எடுக்க முடிந்தது. ஒருவர் வெளியே போனால் மற்றவர் கவுண்டரில் இருக்க வேண்டும். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை.

படங்களுக்கு மாலை என்பது திட்டத்தில் இல்லவே இல்லை.

மெல்ல மெல்லத்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மம்மியின் படத்துக்கும் மாலை. நட்டு மாமா படத்துக்கும், மாமி படத்துக்கும். நீள மேசை ஒன்றில் குழந்தைகள் அட்டைச் சட்டங்களில் படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தன்னார்வலர் வருகிற குடும்பங்களை அங்கேயே படம் பிடித்து அச்சடித்துக் கொடுத்தார். ஒட்டிய படங்களுக்குக் காகிதச் செண்டுமல்லி கோர்த்துப் போட்டார்கள். சுவர் நெடுக மாலை போட்ட முகங்கள், எல்லாம் சிரித்த முகங்கள். தபால் அலுவலகத்துப் பெண்மணி, கால்பந்துப் பயிற்சியாளர், பல் முளைக்காத ஒரு கைக்குழந்தை.

முன்பல் இல்லாத சிறுமி ஒருத்தி தன் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "பாருங்க, இது நான்! மாலை நானே போட்டேன்!"

மம்மி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"சிவ சிவா," என்றாள். "குழந்தைங்க, பினல். குழந்தைங்க."

அப்போதுதான் நட்டு மாமா வந்தார். வந்த வேகத்தில் தன் படத்துக்கு முன்னால் நின்றார். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"நான் எப்போ செத்தேன்? எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

"நட்டு, விளையாடாத," என்றாள் மம்மி.

"விளையாடுறது யாரு? போன வாரம் நின்னு போஸ் குடுத்தவன இந்த வாரம் சாமி கிட்ட அனுப்பிட்டாங்க." பிறகு பக்கத்துப் படத்தைப் பார்த்தார். சிரிப்பு அங்கேயே நின்றது. "அக்கா... மச்சான் படத்துக்குமா?"

"எனக்குப் போட்டா போட்டுட்டுப் போறாங்க. நான் சுமங்கலியாப் போறேன்னு வச்சுக்குவேன். அவருக்கு ஏன்டா?"

மார்லீன் எங்களைப் பார்த்துக் கைகளை விரித்துக்கொண்டு வந்தார். ஆரஞ்சு நிறச் சால்வை ஒன்றைத் துப்பட்டா போலப் போட்டிருந்தார். முகம் மகிழ்ச்சியில் பூரித்திருந்தது.

"குசும்! எப்படி இருக்கு? பினல்கிட்டக்கூடச் சொல்லல. ஆச்சரியமா இருக்கட்டும்னு நேத்து சாயங்காலம் நாங்களே உக்காந்து எல்லாத்துக்கும் போட்டோம்!"

அந்த முகத்திடம் எப்படிச் சொல்வது? பண்பாடு, சடங்கு என்று நான் படித்த சொற்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. நட்டு மாமாவுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது.

"மார்லீன், எங்க வழக்கத்துல உயிரோட இருக்கிறவங்க கழுத்துலதான் மாலை போடுவோம். படத்துல போட்டா, ஆள் போயிட்டாங்கன்னு அர்த்தம்."

"போயிட்டாங்கன்னா? எங்க?"

நட்டு மாமா கூரையைக் காட்டினார்.

மார்லீன் கூரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். படம் படமாக, முகம் முகமாக. கைக்குழந்தையின் படம் வந்ததும் அவர் கை வாயை மூடிக்கொண்டது.

"கடவுளே. நான் ஊரையே சாகடிச்சுட்டேனா?"

அவரைத் தேற்றலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "ஆனா எனக்குச் சொல்லிக் குடுத்ததே டான்தானே!"

பின்னால் ஒரு குழந்தை கிழங்கைச் சாயத்தில் முக்கித் தலையணை உறையில் அறைந்துகொண்டிருந்தது.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மம்மி.

"டான். உன் வீட்டுக்காரர். வியாழக்கிழமை இஸ்திரிப் பலகை கொண்டுவந்து இறக்கினாரே, அன்னிக்கு. நான் வாசலுக்குன்னு ஒரு மாலை மாதிரிக்குக் கோத்து வச்சிருந்தேன். அத எடுத்துப் பாத்துக்கலாமான்னு கேட்டார். நேரா போய் அவர் படத்துல மாட்டினார். கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தார். சரியில்லைன்னு திரும்பப் போய் நேரா வச்சார். மறுபடியும் தள்ளி நின்னு, ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தார். எவ்வளவு மரியாதையான வழக்கம்னு எனக்குக் கண் கலங்கிருச்சு. 'இப்படித்தான் போடுவீங்களா'ன்னு கேட்டேன். 'ஆமா, இப்படித்தான்'னார். எடுத்துரட்டுமான்னு கேட்டார். நான்தான் வேணாம், அப்படியே இருக்கட்டும்னேன்."

நட்டு மாமா திரும்பி பப்பாவின் படத்தை மறுபடியும் பார்த்தார்.

மம்மி டோக்ளா டப்பாவைத் தரையில் வைத்தாள். நின்றபடியே சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கார்ப்பெட்."

"என்ன மம்மி?"

"போன மாசம் கார்ப்பெட் வாங்கப் போறேன்னு ஓக்லஹோமா சிட்டிக்குப் போனாரே. வெறுங்கையோட வந்தாரே. கலர் புடிக்கலன்னாரே. உன் பப்பா என்னிக்குடி கலர் பாத்தார்?"

அவள் சொன்ன பிறகுதான் ஒவ்வொன்றாக எனக்கும் உறைத்தது. கொதிகலனைத் திரும்பக் கிளப்புவது எப்படி என்று மம்மிக்கு அவர் சொல்லிக்கொடுத்தது. சாவி அட்டை இயந்திரத்தின் கடவுச்சொல்லை என்னைச் சொல்லிப் பார்க்கச் சொன்னது. மாடிப் படியில் நடுவழியில் நின்று, கைப்பிடியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தடவிக்கொண்டிருந்தது. அந்தக் கைப்பிடியில் துரு இல்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் கடந்து போனேன்.

நட்டு மாமா மாலையை எடுக்கக் கையை நீட்டினார். மம்மி தடுத்தாள்.

"தொடாத. போட்ட கை வந்து எடுக்கட்டும்."

பப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குஜராத்தில் நவ்சாரிப் பக்கத்திலிருந்து மீசை முளைத்த புதிதில் இங்கே வந்தார். தூரத்துச் சித்தப்பா ஒருவரின் மோட்டலில், அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு கட்டிலில் படுத்துக்கொண்டு கவுண்டரைப் பார்த்தார். மணி அடித்தால் எழுந்து போவது, அறை கொடுப்பது, திரும்பி வந்து படுப்பது. பிறகு பிரெய்ரி ஸ்டார் அவர் கைக்கு வந்தது. அதற்குப் பிறகும் மணி அடித்தால் எழுந்து போனார்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அறையைச் சுத்தம் செய்து முடித்ததும், யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுப்பார். கையை நெஞ்சில் கோத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார். சிலந்திவலை இருக்கிறதா, திரைச்சீலை இடுக்கில் வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதா, குளிர்சாதனம் கிறீச்சிடுகிறதா. "படுக்கிறவன் என்ன பாப்பான்னு நானும் படுத்துப் பாத்தாத்தானே தெரியும்?" என்பார். பிறகு எழுந்து விரிப்பின் மடிப்பை நீவிவிட்டுப் போவார். கல்லூரி விடுதியில் இதைச் சொல்லித் தோழிகளைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

மோட்டலுக்கு மம்மி வண்டியை ஓட்டிய விதத்தில் நட்டு மாமா இரண்டு முறை கடவுளைக் கூப்பிட்டார்.

நாங்கள் நுழைந்தபோது பப்பா கவுண்டருக்குப் பின்னால் இருந்தார். எதிரே ஏழாம் நம்பர் அறைக்காரர், தாடி வைத்த லாரி ஓட்டுநர், துண்டுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார் பப்பா. "சட்னி இங்கயே இருக்கு பாரு."

"கார்ப்பெட் எங்க?" என்றாள் மம்மி.

"எந்தக் கார்ப்பெட்?"

"நீங்க வாங்காம வந்த கார்ப்பெட்."

பப்பா துண்டுகளை மடிக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே மடித்த துண்டுகள். லாரி ஓட்டுநர் நிலைமையைப் புரிந்துகொண்டு ஒரு அடி பின்வாங்கினார்.

"நான் அப்புறமா வரேன், டான்."

"எங்கயும் போகாதீங்க," என்றாள் மம்மி. "நீங்களும் கேளுங்க. இந்த மனுசன் ஆள் இருக்கும்போதுதான் பொய் சொல்ல மாட்டாரு."

பப்பா என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, துண்டை வைத்துவிட்டார்.

"மார்லீன் சொல்லிட்டாங்களா?"

"மாலைய நீங்களா போட்டீங்க?" என்றேன்.

"சும்மா பாத்தேன்."

"எத?"

அவர் கவுண்டரின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். "மூணு இடத்துல அடைச்சிருக்காம். நெஞ்சத் திறந்துதான் சரிபண்ணணும்ங்கிறாங்க. கோதுமை அறுவடை ஆளுங்க ரூம் கேட்டு வர்ற நேரம், அது முடியட்டும்னு சொன்னேன்."

"அதுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

பப்பா மறுபடியும் துண்டை எடுத்தார்.

"ஏங்க, டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவ்வளவு நாள் தாங்காதுன்னாரு."

காலை உணவு அறையில் வாஃபிள் இயந்திரம் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. யாரும் போய் அணைக்கவில்லை. நட்டு மாமா சுவரோடு சாய்ந்து நின்றார். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அந்த மனிதர் ஒரு மாதமாகத் துண்டு மடித்திருக்கிறார், என்னிடம் வானிலை பேசியிருக்கிறார், இஸ்திரிப் பலகை தூக்கியிருக்கிறார்.

"இத எங்ககிட்டச் சொல்லாம," என்றேன், "போய் உங்க படத்துக்கு நீங்களே..."

"தப்பா எடுத்துக்காதம்மா." அவர் குரலில் வருத்தத்தைவிடக் கூச்சம்தான் இருந்தது. "தாதா படத்தப் பாத்திருக்கேல்ல?"

பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்கு மேலே, சந்தனச் சீவல் மாலைக்குள் இருக்கும் என் தாத்தாவின் படம். பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியது. அரசாங்க முத்திரையின் பாதி வட்டம் தாதாவின் காதில் விழுந்திருக்கும்.

"அவர் போனப்போ வேற படம் கிடைக்கல. இத்தன வருசமா எங்கப்பாவ முத்திரை குத்துன காதோடதான் கும்புடுறேன். இந்த அருங்காட்சியகத்துப் பையன் எடுத்த படம் நல்லா இருந்துச்சு. மாலை கிடைச்சுது. அதான், எப்படி இருக்கும்னு பாத்தேன். அறையக் குடுக்குறதுக்கு முன்னாடி படுத்துப் பாக்குறதில்லையா, அந்த மாதிரி. தினமும் பாக்கப் போறது நீங்க ரெண்டு பேரும்தானே. கோணலா இருந்தா நல்லாவா இருக்கும்?"

லாரி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

மம்மி அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. கவுண்டரின் பலகையைத் தூக்கி உள்ளே போனாள்.

"அந்த அறைய இப்போ யாரும் கேக்கல," என்றாள்.

கவுண்டருக்கு அடியில் வரிசையாக மின்விசைகள் உண்டு. கடைசி விசையின் மேல் பழுப்பு நிற ஒட்டுநாடா சுற்றியிருக்கும். எங்கள் மோட்டலின் வாசலில் உயரமான கம்பத்தில் 'அறை காலி' என்று சிவப்பு எழுத்துகள் இரவும் பகலும் எரியும். அதோடு 'இல்லை' என்ற எழுத்தும் உண்டு. எல்லா அறையும் நிரம்பினால்தான் அதைப் போட வேண்டும். அறைகள் காலியாக இருக்கும்போது அதைப் போடுவது எங்கள் சனங்களிடையே கேள்விப்படாத காரியம். நான் பிறந்த அன்றுகூட அது எரியவில்லையாம். பப்பா குழந்தையைப் பார்க்க வந்தது மறுநாள்.

மம்மி ஒட்டுநாடாவைப் பிய்த்தாள். விசையைத் தட்டினாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பட்டப்பகலில், 'இல்லை' என்று எரிந்தது.

"குசும்!" பப்பா அலறினார். அன்று முழுவதும் அவர் அதிர்ந்தது அப்போதுதான். "என்ன பண்றே! பாதி அறை காலியாக் கெடக்கு!"

"கெடக்கட்டும்."

"அறுவடை ஆளுங்க..."

"வயல்ல படுப்பாங்க. வண்டியில ஏறுங்க."

"துண்டு," என்றார் பப்பா, ஓட்டுநரைக் காட்டி.

"துண்டு இல்லாம நான் சமாளிச்சுக்குவேன், டான்," என்றார் அவர். "அம்மா சொல்றதக் கேளு. எங்கப்பனும் இப்படித்தான் அறுவடை முடியட்டும்னான்."

பப்பா மம்மியைப் பார்த்தார், கதவுக்கு வெளியே எரிகிற எழுத்தைப் பார்த்தார். கவுண்டரின் மேலிருந்த மணியை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் அருங்காட்சியகத்தில் நிறுத்தச் சொன்னது மம்மிதான்.

அங்கே இதற்குள் விஷயம் பரவியிருந்தது. அப்பாக்களும் அம்மாக்களும் பிள்ளைகளின் படங்களிலிருந்து அவசர அவசரமாக மாலைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முன்பல் இல்லாத சிறுமி தன் படத்தைக் கொடுக்க மறுத்து மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். பண்ணைக்காரக் கிழவர் வேய்ன் மட்டும் அசையாமல் நின்றார். அவர் சட்டத்தில் ஒட்டியிருந்தது பர்சிலிருந்து எடுத்த பழைய படம், போன குளிர்காலத்தில் இறந்துபோன மனைவியின் படம்.

"என்னுது சரிதானே?" என்று நட்டு மாமாவிடம் கேட்டார்.

"உங்களுது ரொம்பச் சரி," என்றார் நட்டு மாமா.

பப்பா உள்ளே வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படத்தில் மாலையோடு இருப்பவர் நேரில் நடந்து வந்தால் எப்படி இருக்கும்? ஒரு பையன் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். மார்லீனின் கண்கள் சிவந்திருந்தன.

"டான், என்ன மன்னிச்சிரு. எனக்குத் தெரியாது."

"நீங்க என்ன பண்ணுவீங்க மார்லீன்? நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் பப்பா. "இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான்."

"ஏங்க!" என்றாள் மம்மி.

அவர் மாலையை எடுத்தார். எடுத்த பிறகு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். மம்மி அதை வாங்கி நூலை அறுத்து, பூக்களை உதிர்த்து, பக்கத்திலிருந்த குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு மற்ற மூன்று படங்களின் மாலைகளையும் கழற்றினாள். டோக்ளா டப்பாவைத் திறந்து மார்லீனிடம் கொடுத்தாள். "குழந்தைங்களுக்குக் குடுங்க. சட்னி இல்லாமத்தான் சாப்பிடணும்."

நட்டு மாமா என்னிடம் மெதுவாகச் சாவியைக் கேட்டார். "ரெண்டு மோட்டலையும் நான் பாத்துக்குறேன். மச்சான்கிட்ட இப்போ சொல்லாத, நெஞ்சு தாங்காது."

ஓக்லஹோமா சிட்டி மருத்துவமனையில் அன்று மாலையே பப்பாவைப் படுக்க வைத்துவிட்டார்கள். மருத்துவர் மம்மியிடம் படம் வரைந்து காட்டினார். எந்தெந்த இடத்தில் அடைப்பு, எதை எங்கிருந்து எடுத்து எங்கே ஒட்டப் போகிறார்கள் என்று. மம்மி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "இவர் முந்தாநாள் இஸ்திரிப் பலகையெல்லாம் தூக்கிக்கிட்டு இருந்தாரு," என்றாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு பப்பாவைப் பார்த்தார்.

பப்பாவின் கண் அந்த அறையின் கூரையில் இருந்தது.

"என்ன பப்பா பாக்குறீங்க?"

"மூலைல ஒரு கறை. ஒழுகுது போல. இவங்க யாரும் படுத்துப் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு அவர் என் கையைப் பிடித்தார். அவர் கை குளிர்ந்திருந்தது. இத்தனை நாளும் அவர் பயந்துபோயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அறுவடையும் ஆட்களும் சாக்கு. கத்திக்குப் பயந்த மனிதர், சாவை மட்டும் ஒரு அறையைப் போலத் தயார் செய்து வைத்திருக்கிறார். சாவுச் சடங்குகளைப் பற்றிக் கல்லூரியில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அதில் எந்த இடத்திலும் இப்படி ஒருவர் வரவில்லை. வந்திருக்க முடியுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், அவர் தொந்தரவு தாங்காமல் நட்டு மாமாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தோம்.

"நட்டு, அந்த 'இல்லை'ய அணைச்சியா?"

"அணைச்சாச்சு மச்சான். அறுவடை ஆளுங்க வந்துட்டாங்க. ஏறக்குறைய எல்லா அறையும் போயிருச்சு."

"குடுக்குறதுக்கு முன்னாடி படுத்துப் பாத்தியா?"

"பாத்தேன். தூங்கிட்டேன். உங்க கட்டில் என் மோட்டல் கட்டில விட நல்லா இருக்கு மச்சான், இத்தன நாளா எங்கிட்ட மறைச்சுட்டீங்களே."

பப்பா சிரித்தார். சிரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். செவிலி ஓடி வந்து போனைப் பிடுங்கினாள். சக்கரக் கட்டில் நகர்ந்தது. மம்மி கூடவே நடந்தாள், கதவு வரை. கதவு மூடிய பிறகும் அவள் நின்ற இடத்தை விட்டு வரவில்லை. அருங்காட்சியகத்தில் சுவரைப் பார்த்து நின்ற அதே நிற்பு. இம்முறை கையில் டப்பாகூட இல்லை.

பப்பா பிழைத்துக்கொண்டார். நெஞ்சில் நீளமாக ஒரு தழும்போடு, இருமும்போது தலையணையை அணைத்துக்கொண்டு, கோடை முழுவதும் வீட்டில் கிடந்தார். கவுண்டர் மணி அடிக்கும்போதெல்லாம் எழப் பார்த்தார். மம்மி ஒரு பார்வை பார்ப்பாள், படுத்துவிடுவார்.

இலையுதிர் காலத்தில் மார்லீன் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். மரச்சட்டம் போட்டு, கண்ணாடி துடைத்து, பழுப்புத் தாளில் சுற்றி, குற்ற உணர்ச்சியோடு இரண்டு கையாலும் மம்மியிடம் நீட்டினார். நல்ல படம்தான். கவுண்டரில் கையை ஊன்றி, யாரோ உள்ளே வருவதைப் பார்த்துச் சிரிக்கப்போகிறவர் போல இருக்கிறார். காதில் முத்திரை எதுவும் இல்லை.

பப்பா உடனே ஆணி தேடினார். "தாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டுவோம். மாலை வேணாம், சும்மா மாட்டுவோம்."

மம்மி சட்டத்தைக் கவிழ்த்து, பின்பக்கத்து ஊசிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படத்தை மட்டும் உருவினாள். சமையலறைக்குப் போனாள். பீட்சாக் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த காந்தத்தை வைத்து அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள்.

"அங்க எதுக்கு?" என்றார் பப்பா. "எண்ணெய் தெறிக்குமே."

"தெறிக்கட்டும். இதுல மாலை மாட்ட ஆணி அடிக்க முடியாது."

பப்பா கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு கிட்டப் போய், இடது பக்கம் இறங்கியிருந்ததை நேராக்கினார்.